பாவித்த சோனியா, புது டெக்சனா? திருகோணமலையில் சிற்றலை ரேடியோ வாங்குவது பற்றி

டித்வா புயலுக்குப் பிறகு என்னிடம் ரேடியோ பற்றிக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். கரண்ட் போய், போன் சிக்னலும் போய், பவர் பாங்கில் கடைசிக் கோடு மின்னும்போதுதான் வீட்டில் ஒரு ரேடியோகூட இல்லை என்று பலருக்கு உறைத்திருக்கிறது. கேள்வி எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: புதுசு வாங்குவதா, பாவித்தது வாங்குவதா? என்னிடம் இரண்டும் இருக்கிறது. புதிதாகத் தருவித்த டெக்சன் பிஎல்-330 ஒன்று, கிண்ணியாவில் ஒருவரிடம் வாங்கிய பழைய சோனி ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ7600ஜிஆர் ஒன்று. உவர்மலையில் ஒரே மேசையில், ஒரே ஜன்னலோரத்தில் இரண்டையும் வைத்து மாறி மாறிக் கேட்பதால் ஒப்பிட்டுச் சொல்லக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலையிடி இல்லாமல் கேட்க வேண்டும் என்பவர் புதுசை வாங்கட்டும். பாவித்ததில் அருமையான ரேடியோக்கள் இருக்கின்றன, ஒலியிலும் உழைப்பிலும் இன்றைய சாமானை அடித்துவிடும், ஆனால் அதைக் கையில் பிடித்து, பற்றறி அறையைத் திறந்து, பொழுதுபடும் நேரத்தில் போட்டுக் கேட்காமல் ஒரு ரூபாகூடக் கொடுக்கக் கூடாது, அதுவும் கடற்கரைப் பக்கம் கிடந்த ரேடியோ என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

வாங்க முன் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சிற்றலையில், அதாவது தூர நாட்டு நிலையங்கள் வருகிற ஷோர்ட் வேவில், தமிழ் கேட்கலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். இரவு ஒன்பதேகாலுக்கு வீட்டுக்கு வீடு கேட்ட பிபிசி தமிழோசை, 1941இல் தொடங்கியது, 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு வானொலியில் நின்றுவிட்டது. வேரித்தாஸ் தமிழ் வானொலி 2018இல் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போய்விட்டது. ரேடியோ அவுஸ்திரேலியா 2017 ஜனவரி முடிவில் சிற்றலையை மூடியது. அமெரிக்காவின் குரல் 2025 மார்ச்சில் பெரும்பாலும் அடங்கிப்போனது. மிச்சம் என்ன? சீன வானொலி, எந்தப் பக்கம் திருப்பினாலும் சீன வானொலி. பிபிசியின் ஆங்கிலச் சேவை, ஜப்பானின் என்எச்கே, வளைகுடாவின் அரபு நிலையங்கள், நடுவே மதப் பிரசங்கங்கள், அப்புறம் பொழுதுபோக்காக வானலையில் ஒருவரோடொருவர் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களின் பேச்சு. இது எனக்குப் போதும். கடலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் மங்கி மங்கி வருவதைத் தேடிப் பிடிப்பதே ஒரு சுகம். ஆனால் உங்கள் அம்மாவுக்குப் பாட்டுக் கேட்க என்றால் நல்ல பண்பலை ரேடியோ போதும், இதை இதோடு மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். புயல் நேரத்துக்கும் அப்படித்தான், எச்சரிக்கைகள் வருவது உள்ளூர்ப் பண்பலையில், சிற்றலையில் அல்ல.

மத்திய அலை, அதாவது மீடியம் வேவ், வேறு கதை. நமது ஊர் கடலைப் பார்த்துக் கிடப்பதில் ஒரு நன்மை, உப்புத் தண்ணீருக்கு மேலாக மத்திய அலை தரையைவிட மிகத் தூரம் தேயாமல் வரும். மாலையானதும் அகில இந்திய வானொலியின் சென்னை 720, திருச்சி 936, தூத்துக்குடி 1053 மூன்றையும் வெளி ஏரியல் எதுவும் இல்லாமல், ரேடியோவை மட்டும் மெல்லத் திருப்பித் திருப்பிப் பிடிக்கலாம். தமிழ் வேண்டும் என்பவர்களுக்கு உண்மையில் இதுதான் மருந்து. ஒரு சின்ன விஷயம்: சில புது ரேடியோக்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போது அமெரிக்கக் கணக்கில் பத்து பத்துக் கிலோஹேர்ட்ஸாகத் தாவும்படி இருக்கும். அப்படி இருந்தால் 720 கிடைக்கும், ஆனால் 936உம் 1053உம் கிடைக்கவே கிடைக்காது, 930க்கு அடுத்து நேரே 940க்குப் போய்விடும். ஒன்பதுக்கு மாற்றிவிட வேண்டும். ரேடியோ பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

சரி, கடைத்தெரு. மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் மூவாயிரம் நாலாயிரத்துக்குத் தொங்கும் ரேடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். டோர்ச் லைட், யூஎஸ்பி, மெமரி காட், புளூடூத், பக்கத்தில் ஒரு சோலார் தகடு, முகப்பில் எஸ்டபிள்யூ1 முதல் எஸ்டபிள்யூ7 வரை எழுத்துகள். பண்பலைக்கும் இருட்டில் கழிப்பறைக்குப் போவதற்கும் நல்ல சாமான். சிற்றலைக்கு வேண்டாம். ஒரே நிலையம் முள்ளின் இரண்டு இடத்தில் கேட்கும், அந்த இரண்டுக்கும் நடுவில் 910 கிலோஹேர்ட்ஸ் இடைவெளி இருக்கும். உள்ளே 455 கிலோஹேர்ட்ஸுக்கு ஒரே தடவையில் மாற்றுகிற மலிவுச் சுற்று என்பதால் அதன் இரண்டு மடங்கு தள்ளி ஒரு பொய்ப் பிம்பம் விழுகிறது. முகப்பில் நிலையங்கள் நிறைய வருகிற மாதிரி இருக்கும், பாதி பிம்பம். கடைக்காரரிடம் சொன்னால் “அது அப்படித்தான் தம்பி, சிற்றலை எண்டால் இரைச்சல்தானே” என்பார். இரைச்சலுக்கும் பிம்பத்துக்கும் சம்பந்தம் இல்லை.

டெக்சன் பிஎல்-330ஐ நான் வெளிநாட்டிலிருந்து தருவித்தேன். தபால் செலவு, தீர்வை எல்லாம் சேர்ந்து முப்பதாயிரத்தைத் தாண்டியது. கொஞ்சம் வயிற்றைக் கலக்கும் விலைதான். ஆனால் அந்தக் காசுக்கு உள்ளே இருப்பது ஒரு முழு ரேடியோ: 150 கிலோஹேர்ட்ஸிலிருந்து கிட்டத்தட்ட 30 மெகாஹேர்ட்ஸ் வரை இடைவெளி விடாமல் போகும், எஸ்எஸ்பி உண்டு (ஹாம்காரர்கள் பேசுகிற முறை, இந்த வசதி இல்லாத ரேடியோவில் அது வாத்துக் கத்தலாகத்தான் கேட்கும்), அலைவரிசையை எண்ணாக அடித்துப் போகலாம், பக்கத்தில் சக்கரமும் இருக்கிறது. காற்சட்டைப் பைக்குள் போகும் அளவு. உள்ளே ஒரு சில்லு கணக்குப் போட்டுச் சிக்னலைப் பிரிக்கிறது, பழைய ரேடியோக்களில் இருந்த சுருளும் வடிகட்டியும் அரைவாசி கிடையாது. அதனால்தான் இந்த அளவும் இந்த விலையும்.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் தானியங்கித் தேடல். ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் சிற்றலை முழுவதையும் ஓடிப்பார்த்து, அந்த நேரத்தில் கேட்கிற நிலையங்களை ஒரு பட்டியலாகப் போட்டுவைக்கும், அதுவும் மணித்தியாலக் கணக்கில் வேறு வேறு பட்டியலாக. இரவு எட்டு மணிக்குக் கிடைத்தவை நாளை எட்டு மணிக்கும் அங்கேயே இருக்கும். எந்த நேரத்தில் எந்த மீற்றர், அதாவது எந்த அலைப்பட்டை, என்று தெரியாத புதியவருக்கு இது பெரிய உதவி. இரவில் 49, 41, 31 மீற்றர், பகலில் 19, 16 மீற்றர் என்ற பழைய கணக்கைப் பாடமாக்காமலே கேட்கத் தொடங்கலாம். பட்டை அகலத்தையும், அதாவது ரேடியோ ஒரே நேரத்தில் உள்ளே விடுகிற அலைவரிசையின் அகலத்தையும், குறைக்கலாம், பக்கத்து நிலையத்தின் கீச்சு வந்தால் இறுக்கிவிட்டால் போய்விடும், குரல் கொஞ்சம் மூக்கடைத்துப்போகும், அவ்வளவுதான்.

இன்னொரு நன்மையை எந்த விளம்பரத்திலும் காணவில்லை, ஆனால் எங்களுக்கு அதுதான் முக்கியம். இதில் போடுவது பிஎல்-5சி (BL-5C) பற்றறி, பழைய நோக்கியா போனில் கிடந்த அதே பற்றறி. திருகோணமலையில் எந்தப் போன் கடையிலும், மூதூரிலும், நிலாவெளியிலும் கிடைக்கும். பத்து வருடம் கழித்தும் கிடைக்கும் என்று நம்புகிறேன், ஏனென்றால் பட்டன் போனும் டோர்ச் ஸ்பீக்கரும் இன்னும் அதிலேதான் ஓடுகின்றன. நல்லதாகப் பார்த்து வாங்குங்கள், மலிவானது சில மாதத்தில் வயிறு வீங்கிப் பின்மூடியைத் தள்ளும்.

குறைகள் இல்லாமலில்லை. ஒலிபெருக்கி சின்னது, பேச்சு தெளிவு, பாட்டு தகரம். சார்ஜ் போட்டபடி சிற்றலை கேட்க முடியாது, சார்ஜரின் இரைச்சல் நிலையத்தை விழுங்கிவிடும், ஆகவே கழற்றிவிட்டுத்தான் கேட்க வேண்டும். சார்ஜ் ஓட்டை பழைய மைக்ரோ யூஎஸ்பி, எங்கள் வீட்டில் மிச்சமெல்லாம் சி வகைக்கு மாறிவிட்டதால் இதற்கென்று ஒரு கேபிளைத் தனியாகக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ஏரியல் மெல்லியது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை அடுத்த பந்தியில்.

அது திருகோணமலைக்காரருக்கு மட்டுமே உரிய பிரச்சினை. ஜேர்மனியின் டொய்ச்சே வெல்லே வானொலி 1980களில் இங்கே, நகரத்துக்கு வடக்கே, தன் நிகழ்ச்சிகளை வாங்கி மறுபடி பரப்பும் ஒரு ரிலே நிலையம் கட்டியது தெரிந்திருக்கும். ஒவ்வொன்றும் 250 கிலோவாட் சிற்றலைப் பரப்பிகள், ஆசியாவுக்கு இங்கிருந்து அவர்கள் பேசினார்கள். 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது, பிறகு வெளிநாட்டு நிலையங்களுக்கு நேரத்தை வாடகைக்கு விட்டு ஓடுகிறது. நகரத்திலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். கொழும்பில் இருப்பவர் இணையத்தில் எழுதும் ரேடியோ விமர்சனங்களில் இந்தத் தொல்லை வராது. நமக்கு வரும். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கப் பார்க்கிற மாதிரித்தான், அந்த நிலையம் ஒலிபரப்பும் நேரங்களில் டெக்சன் திணறுகிறது. அந்த அலைவரிசையில் மட்டும் என்றால் பரவாயில்லை, சம்பந்தமே இல்லாத இடங்களிலும் அதே பிரசங்கம் எட்டிப்பார்க்கும், மெல்லிய நிலையங்கள் காணாமற்போகும். ஏரியலைப் பாதிக்கு மேல் உள்ளே தள்ளிவிட்டால் குறையும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருப்பவர்கள் வெளியே கம்பி ஏரியல் கட்டும் யோசனையை இந்த ரேடியோவோடு விட்டுவிடுவது நல்லது.

இங்கேதான் பழைய சோனி தன் வேலையைக் காட்டுகிறது.

7600ஜிஆர் 2001இல் வந்த மொடல், ஜப்பானில் செய்தது. சோனி அதைச் செய்வதை நிறுத்திப் பல வருடம். பார்த்தால் ஒரு கறுப்புப் புத்தகம், முகமெல்லாம் சின்னச் சின்ன விசை, திருப்புவதற்குச் சக்கரமே கிடையாது. மேலும் கீழும் போக விசையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதல் சில நாள் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே சிக்னலை இரண்டு தடவை மாற்றுகிற இரட்டை மாற்றச் சுற்று இருப்பதால் பிம்பத் தொல்லை இல்லை. சிக்னலைக் குறைக்கத் தனி ஆளி இருக்கிறது, வடக்கே இருந்து வரும் அந்த இடியை அதைப் போட்டு அடக்கிவிட்டு, பக்கத்தில் கிடக்கும் மெல்லிய நிலையத்தைக் கேட்கலாம். டெக்சனை வைத்திருந்தால் அந்த நேரத்தில் மூடிவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகத்தான் வேண்டும்.

அப்புறம் அந்த ஒத்திசைவு விசை. சிற்றலை நிலையம் மேகம் மறைப்பதுபோல் மங்கி வரும்போது குரல் உடைந்து, கரகரத்து, ஒன்றும் விளங்காமற்போகுமே, அப்போது இதை அழுத்தினால் ரேடியோ தானே ஒரு நிலையான அலையை உள்ளே உண்டாக்கி நிலையத்தோடு பூட்டிக்கொள்கிறது, கரகரப்பு அடங்கிவிடுகிறது. மேல்பக்கம் கீழ்ப்பக்கம் என்று எந்தப் பாதியைக் கேட்பது என்றும் தெரிவுசெய்யலாம், இடையூறு ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கத்தைக் கேட்கலாம். டெக்சனிலும் இந்த வசதி மறைவாக இருக்கிறது, சில விசைகளை அழுத்தி எழுப்பலாம், ஆனால் அது பூட்டுவதும் கழலுவதுமாக இருக்கும். சோனி பூட்டினால் பூட்டினதுதான். ஒலியும் அப்படியே, செய்திக்கு ஒன்று பாட்டுக்கு ஒன்று என இரண்டு தொனி, அந்தச் சின்ன ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது என்று நம்ப முடியாத நிரப்பு.

இது வாங்கிய விதத்தைச் சொன்னால் பாவித்தது வாங்குவோருக்கு உதவும். கிண்ணியாவில் ஒருவர், குவைத்தில் வேலைசெய்த காலத்தில் வாங்கியதாம், விற்கப்போகிறார் என்று ஒரு சிநேகிதன் மூலம் கேள்விப்பட்டு, வேண்டுமென்றே பின்னேரம் ஐந்தரைக்குப் போனேன். பகல் பன்னிரண்டுக்குச் சிற்றலை ரேடியோ பார்க்கப் போகாதீர்கள், நல்ல ரேடியோவும் பெரும்பாலும் இரைச்சலாகத்தான் தெரியும், விற்பவரும் “இப்ப நிலையம் இல்ல” என்று சொல்லித் தப்பிவிடலாம். பொழுதுபடும் நேரம்தான் கீழ் அலைவரிசைகள் விழிக்கும் நேரம்.

“நானா, கொஞ்ச நேரம் போட்டுப் பாக்கலாமா?”

“பாருங்க தம்பி, மஃரிபு தொழுகை வரைக்கும் நான் இங்கதான் இருப்பன். வாங்காட்டியும் பரவாயில்ல.”

இப்படிச் சொல்கிற ஆளிடம் வாங்கலாம். அவசரப்படுத்துகிறவரிடம் வேண்டாம்.

முதலில் பற்றறி அறை. நான்கு ஏஏ பற்றறி போடும் இடம். சுருள் கம்பிகளில் பச்சைப் பூப்போ வெள்ளைத் தூளோ இருக்கிறதா என்று போன் வெளிச்சத்தில் பார்த்தேன், மூக்கை வைத்து மணந்தும் பார்த்தேன். கசிந்த பற்றறிக்கு ஒரு புளித்த மணம் உண்டு, துடைத்துவிட்டாலும் போகாது. கசிவு கம்பியோடு நின்றிருந்தால் வினாகிரி தொட்டுத் துடைத்து எடுத்துவிடலாம், மின்சுற்றுப் பலகைக்குள் இறங்கியிருந்தால் கதை முடிந்தது. நானா பற்றறியைக் கழற்றி வைத்திருந்தார், தகடுகள் மின்னின. அந்த ஒரு விஷயத்திலேயே எனக்குப் பாதி மனம் வந்துவிட்டது.

அப்புறம் ஏரியலை முழுக்க இழுத்து, அடியில் ஆடுகிறதா, நடுவில் எங்காவது வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒவ்வொரு விசையையும் அழுத்தி, எண் விழுகிறதா, ஒருதரம் அழுத்த இரண்டு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். திரையில் எண்களின் ஏதாவது கோடு மங்கியிருக்கிறதா? ஒலியைக் கூட்டிக் குறைக்கும்போது கரகரத்தால் அது அழுக்கு, கொன்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும், அதைச் சொல்லி விலையில் கொஞ்சம் குறைக்கலாம். காதொலிப்பானைச் செருகி எடுங்கள், எடுத்த பிறகு ஒலிபெருக்கி பேசாவிட்டால் அந்த ஓட்டையின் உட்தகடு கறுத்திருக்கிறது, கடற்கரை ரேடியோக்களில் இது சர்வசாதாரணம்.

பிறகு 10000 கிலோஹேர்ட்ஸ் அடித்தேன். சீனாவின் நேரம் சொல்லும் நிலையம், நொடிக்கு நொடி டிக், டிக், டிக். மெல்லியதாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. இது எனக்குப் பிடித்த சோதனை, ஏனென்றால் அலைவரிசை மிகச் சரியாக இருக்கும் நிலையம் அது. எஸ்எஸ்பிக்கு மாற்றிக் கேட்டால் ரேடியோவின் கணக்கு எவ்வளவு விலகியிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். அடுத்து 7 மெகாஹேர்ட்ஸ் பக்கம் போய் ஹாம்காரர்களைத் தேடினேன், தமிழ்நாட்டுப் பக்கத்து ஆட்கள் மாலையில் இங்கே கூடுவார்கள். ஒருவர் தன் வீட்டு மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் வாத்துக் கத்தலாக இல்லாமல் மனிதக் குரலாக நின்றது, எஸ்எஸ்பி சரி. கடைசியாக பிபிசியைப் பிடித்து ஒத்திசைவைப் போட்டு, பாங்கு சொல்லும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். சூடாகிய பிறகு விலகுகிறதா என்று பார்க்கத்தான்.

நாற்பத்தைந்தாயிரம் கேட்டார், முப்பத்தெட்டாயிரத்துக்கு முடிந்தது. பழைய ரேடியோ ஒன்றுக்குப் புதுசைவிடக் கூடக் கொடுத்தது ஏன் என்று வீட்டில் கேட்டார்கள். மேலே சொன்ன காரணங்களை அவர்களுக்கும் சொன்னேன், அவ்வளவாக ஏற்கவில்லை.

எல்லாப் பழைய சோனியும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய பெயருள்ள மொடல்கள் சிலவற்றுக்குத் தெரிந்த வியாதிகள் உண்டு. எஸ்டபிள்யூ77, எஸ்டபிள்யூ55 போன்றவற்றில் உள்ளே இருக்கும் சின்னக் கண்டென்சர்கள் வயதாகிக் கசியும், ஒலி மெலிந்து போகும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். எஸ்டபிள்யூ100 மடிக்கிற ரேடியோ, மூடித் திறந்து மூடித் திறந்து உள்ளே போகும் நாடாக் கேபிள் அறுந்துவிடும். 1985இல் வந்த சோனி ஐசிஎஃப்-2001டி இன்னும் பேசப்படும் ரேடியோ, ஆனால் வெளி ஏரியல் கட்டி, மின்னல் நேரம் கழற்றாமல் விட்டால் முன்பக்க டிரான்சிஸ்டர் போய்விடும். பிறகு ரப்பர் பூச்சுப் பூசிய ரேடியோக்கள், ஈட்டன் இ1 போன்றவை, வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அந்தப் பூச்சு பிசுபிசுத்து கையோடு ஒட்டும். நமது ஊர் வெயிலுக்கு வேண்டவே வேண்டாம்.

சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் எண்பதுகளில் வந்த நாஷனல் பானசோனிக் ரேடியோ கசற்றுகள் இன்னும் பல வீடுகளில் அலமாரி மேல் இருக்கின்றன. விற்பனைக்கு வந்தால் ஆசையாகத்தான் இருக்கும். பண்பலையும் மத்திய அலையும் அழகாகக் கேட்கும், ஒலி கனம். சிற்றலை முள்ளை ஒரு மயிரிழை அசைத்தால் மூன்று நிலையம் தாண்டிவிடும். அலை மாற்றும் ஆளி ஒட்சைட் பிடித்திருக்கும், உள்ளே முள்ளை இழுக்கும் நூல் இற்றிருக்கும். திருத்தத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் வாங்குங்கள், அப்படிப்பட்ட ஆட்கள் நகரத்தில் குறைந்துகொண்டு வருகிறார்கள், இருப்பவர்களும் இப்போது எல்ஈடி ரீவிதான் திருத்துகிறார்கள்.

இணைய விளம்பரங்களைப் பார்த்து, பார்சலில் பாவித்த ரேடியோ வாங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு விளம்பரக்காரரிடம் பற்றறி அறையைத் திறந்து ஒரு படம் அனுப்பச் சொன்னேன், அதோடு பதில் நின்றுவிட்டது. கேட்டு வாங்க வேண்டிய முதல் படம் அதுதான், முகப்புப் படம் யாரும் எடுக்கலாம்.

உப்புக் காற்று பற்றி ஒரு வார்த்தை. டச்சு பே பக்கமோ திருக்கடலூரிலோ இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று பார்த்தாலே தெரியும். ரேடியோவில் முதலில் போவது ஏரியல் மூட்டுகள், பிறகு பற்றறிச் சுருள், பிறகு காதொலிப்பான் ஓட்டை. மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவும், சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் சிலவும் போதும். ஏரியலை மாதத்துக்கு ஒருதரம் உலர்ந்த துணியால் துடையுங்கள், எண்ணெய் பூசாதீர்கள், மணல் ஒட்டும். ஏஏ போடும் ரேடியோவுக்கு மறுபடி சார்ஜ் பண்ணும் நிக்கல் பற்றறி வாங்கிப்போடுங்கள், அல்கலைன் பற்றறியைப் போட்டு மறந்துவிட்டால் மேலே சொன்ன புளித்த மணம் உங்கள் ரேடியோவுக்கும் வரும்.

எந்த ரேடியோ வாங்கினாலும் வீட்டுக்குள் இருக்கும் இரைச்சலுக்கு மருந்து வேண்டும். மலிவு எல்ஈடி பல்ப், போன் சார்ஜர், வைபை ரவுட்டர், சோலார் இன்வேட்டர், எல்லாம் சிற்றலையில் இரையும். ரேடியோவைப் பற்றறியில் போட்டுக்கொண்டு வீட்டின் மெயின் ஆளியை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள், எந்த நிலையம் எல்லாம் எழும்பி வருகிறது என்று. 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டினார்களே, அந்த இரவுகளில் சிற்றலை கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும், ஊரே இருட்டு, காதில் உலகம் அப்படி ஒரு துலக்கம். எந்தப் பல்ப் இரைகிறது என்று ஒவ்வொன்றாக அணைத்துக் கண்டுபிடித்து, அந்த ஒன்றை மாற்றினால் முப்பதாயிரம் ரூபா ரேடியோ அறுபதாயிரம் ரூபா ரேடியோ ஆகிவிடும். ஜன்னலோரம் வைத்துக் கேளுங்கள், முடிந்தால் மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள்.

விலை விஷயத்தில் என் கணக்கு இது. புது பிஎல்-330 உங்கள் கைக்கு வந்துசேரும்போது என்ன விலையோ அதை அளவாக வையுங்கள். நல்ல நிலையில் உள்ள 7600ஜிஆருக்கு அதைவிடக் கால் பங்கு கூடக் கொடுக்கலாம், அதற்குமேல் கேட்டால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஏரியல் உடைந்திருந்தால் அந்த மேலதிகத்தைக் கழித்துவிடுங்கள், ஒத்திசைவு பூட்டாவிட்டால் பாதி விலை, பற்றறி அறையில் பச்சை இருந்தால் இனாமாகத் தந்தாலும் உதிரிப்பாகத்துக்கு மட்டும். டெக்சனின் பழைய மொடல்களில் பிஎல்-660 பாவித்தது ஒன்று கிடைத்தால் அதையும் பாருங்கள், இரட்டை மாற்றம், ஒத்திசைவு, ஏஏ பற்றறி எல்லாம் உண்டு, விமான அலைவரிசையும் இருப்பதால் சீனக்குடா விமான நிலையத்தில் ஏதாவது இறங்கும்போது விமானியின் குரலைப் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது. கிண்ணியா நானாவிடம் இனி ஒன்றும் இல்லை, கேட்டுவிட்டேன்.